பொட்டலத்தில் எழுதிய ஊர்ப்பெயர்

கெங்குவார்பட்டிக்காரர் ஒருவருக்குப் பழங்காசு சேர்க்கும் ஆசை பிடித்துவிட்டால், உள்ளூரில் அதற்குத் தீனி கிடைக்காது. வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் இடையில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிற தேனி மாவட்டப் பேரூராட்சி அது. விவசாய ஊர். அருங்காட்சியகமோ நாணயவியல் கழகமோ அங்கே இல்லை. காசுகளைப் பற்றிய பட்டியல் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. அச்சில் இல்லாதவையே அவற்றில் அதிகம். ஆக, அவர் மதுரைக்கு பஸ் ஏறுவார். அங்கே ஒரு பழங்காசு வியாபாரி அவருக்குக் கடைக்காரர் மட்டுமல்ல, வாத்தியாரும் அவரே. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு எது, அதைப் போலவே தோன்றும் பிற்காலக் காசு எது, மதுரை நாயக்கர் காசை எப்படி அடையாளம் காண்பது என்பதெல்லாம் அவர் கையில் எடுத்துக் காட்டித்தான் தெரியவரும்.

இப்படிப்பட்ட ஒரு வியாபாரி காலமானால் சேகரிப்பாளர்கள் எதைச் சொல்லி நினைவுகூர்வார்கள்? மலிவாகக் கொடுத்தார் என்று அதிகம் பேர் சொல்வதில்லை. மலிவாகக் கொடுப்பவர் கடை நடத்த முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். போலியைத் தள்ளிவிட மாட்டார் என்பார்கள், கடனுக்குக் கொடுத்தார் என்பார்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு குணம் உண்டு. காசு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்வது. காசை மடித்துக் கொடுக்கும் காகிதப் பொட்டலத்தின் மேல் ஊர்ப்பெயரை எழுதித் தருகிற வியாபாரி ஆராய்ச்சிக்குச் செய்யும் உபகாரம் சாதாரணமானதல்ல. சங்க காலக் காசுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அப்படிப்பட்ட வியாபாரிகளின் வாய்ச்சொல்லில் நிற்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பெருவழுதிக் காசை எடுத்துக்கொள்வோம். 1980களின் நடுப்பகுதி வரை, சங்ககாலத் தமிழ் வேந்தர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்பதே சந்தேகமாக இருந்தது. சதுரமான செப்புக்காசுகள் கிடைத்திருந்தன. ஒரு பக்கம் யானையோ குதிரையோ, மறுபக்கம் மீன் வடிவம். எழுத்து இல்லாததால் அவற்றின் காலத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. அந்த நிலையில்தான் ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி மதுரையில் விலைக்கு வாங்கிய காசுகளுள் ஒன்றில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயர் இருப்பதைக் கண்டார். பாண்டியன் பெயர், மறுபக்கத்தில் பாண்டியரின் மீன். சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு செப்புத்துண்டு, புறநானூறு பேசும் வழுதிகளைப் புலவர்களின் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி செய்தது. அதன்பிறகு கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிரும்பொறை என்ற பெயர்களோடு சேரர் காசுகள் வெளிச்சத்துக்கு வந்தன. மாக்கோதை காசில் அரசனின் தலை உருவம், ரோமானியப் பேரரசர்களின் வெள்ளிக்காசைப் பார்த்து அமைத்தது போல் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தியின் ‘சங்க காலத் தமிழ் நாணயங்கள்’ ஆங்கிலத்தில் 1997இல் வந்தது. 2021 மார்ச் 4 அன்று அவர் மறைந்தபோது இந்தக் கண்டுபிடிப்பை இரங்கல் குறிப்புகள் விரிவாகவே பேசின. அது நியாயமானது. அந்தக் காசை எடைக்கு எடை உருக்கிவிடாமல் எடுத்து வைத்தவரைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

உருக்குவது என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. ஆற்று மணலிலிருந்து காசு சேகரிப்பாளர் கைக்கு வரும் வழியைப் பார்த்தால் விளங்கும். கரூரில் அமராவதி மணலைச் சலித்துப் பொன்துகள் தேடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது தங்கம். சல்லடையில் தங்கும் செப்புக்காசும் ஈயக்காசும் உபரி வருமானம். தங்கம் பத்தரிடம் போகும். செம்பு, பழைய பாத்திரக் கடைக்குப் போகும். ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவரின் தராசில் விழுந்த காசுகள் எத்தனை ஆயிரமோ, கணக்கெடுக்க ஆளில்லை. மூசைக்குள் போனால் பாண்டியன் காசும் உடைந்த செம்பும் ஒன்றுதான். இந்த வழியில் எங்கோ ஓர் இடத்தில் நின்று, செம்பு விலைக்கு மேல் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, ‘இந்த மாதிரி கிடைத்தால் எனக்குக் கொண்டு வா’ என்று சொல்லிவைத்தவர்தான் பழங்காசு வியாபாரி. அந்த இரண்டு ரூபாய்தான் உலையைத் தடுத்தது.

ஆனால் அதே வழியில் இன்னொன்று கரைந்துகொண்டே வரும். சலித்தவருக்கு எந்தத் துறையில், எந்தப் படித்துறைக்குப் பக்கத்தில் கிடைத்தது என்று தெரியும். பாத்திரக் கடைக்காரருக்கு எந்த ஆறு என்று தெரியும். நகரத்து வியாபாரிக்கு ‘கரூர்ப் பக்கம்’. மும்பையில் ஏலத்துக்கு வரும்போது ‘தென்னிந்தியா’. கடைசியில் வெளிநாட்டுப் பட்டியலில் வெறும் ‘இந்தியா’. காசு அப்படியே இருக்க, அது சொல்லக்கூடிய சேதி மட்டும் கைமாறக் கைமாறத் தேய்ந்துபோகிறது.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. போடிநாயக்கனூரில் வெள்ளி முத்திரைக்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. (தேனி 1996இல்தான் தனி மாவட்டமானது என்பதால் நாணயவியல் நூல்களில் இது மதுரை மாவட்டத்துப் புதையலாகவே பதிவாகியிருக்கிறது. நம்மூர்ப் பிள்ளைகள் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.) முத்திரைக்காசு வடக்கே தொடங்கி இந்தியா முழுக்கப் புழங்கியது, தெற்கிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. போடிப் புதையலின் சிறப்பு, காசுகளின் பின்புறத்தில் மீன் வடிவம் இருப்பதுதான். வடக்கிலிருந்து வந்த பணம் அல்ல இது, பாண்டியரே அந்த முறையில் அடித்துக்கொண்ட வெள்ளிக்காசு என்று ஆய்வாளர்கள் கொள்வதற்கு அதுவே ஆதாரம்.

இந்தக் காசுகள் ஒவ்வொன்றாகச் சிதறி, பத்துக் கடைகள் வழியாக, ஊர்ப்பெயர் இல்லாமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மீன் முத்திரை தற்செயல் என்று தள்ளப்பட்டிருக்கும். ஒரே இடத்தில் குவியலாகக் கிடைத்தது என்ற செய்தியும், அந்த இடம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வாசலில் இருக்கிற போடி என்பதும் சேர்ந்துதான் அதற்கு அர்த்தம் கொடுத்தது. மேற்குக் கரையின் மிளகுத் துறைமுகங்களுக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட வழியில் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. 2006இல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துள்ள நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தபோது, வைகையின் மேற்பகுதி எவ்வளவு பழமையான வாழ்விடம் என்பது இன்னும் தெளிவானது. அந்தப் படத்துக்குள் போடிக் காசு கச்சிதமாகப் பொருந்துவது, அதன் ஊர் நமக்குத் தெரிந்திருப்பதால்.

ஊர்ப்பெயர் குழப்பத்துக்கு இன்னொரு சான்றும் பக்கத்திலேயே உண்டு. நாணயவியல் நூல்களில் ‘ஆண்டிபட்டி ஈயக்காசுகள்’ என்று படித்துவிட்டுத் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது திருவண்ணாமலைப் பக்கம், செங்கம் வட்டாரத்து ஆண்டிபட்டி. பொட்டலத்தில் ஊரை எழுதினால் போதாது, வட்டத்தையும் எழுத வேண்டும்.

காசு வியாபாரி பதிவில் இடம்பெறாமல் போனது இன்று நேற்றுக் கதையல்ல. வால்டர் எலியட்டின் தென்னிந்தியக் காசுகள் நூல் 1886இல் வந்தது. வேலூரில் இருந்த டேனிஷ் மிஷனரி லோவெந்தால் 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே கேப்டன் டஃப்னல், தென்னிந்தியாவில் காசு சேகரிப்போருக்கான குறிப்புகள் என்றே ஒரு கையேட்டைச் சென்னையில் வெளியிட்டார். கையேடு போடுமளவுக்கு அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகளிடையே இந்தப் பொழுதுபோக்கு பரவியிருந்தது என்பது தெரிகிறது. கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1909இல் மதுரை சுல்தான்களின் காசுகளைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 1335 முதல் 1378 வரை நீடித்த அந்த அரசைப் பற்றி இபன் பதூதாவின் பயணக்குறிப்பை விட்டால் நமக்குக் கிடைக்கும் சான்றுகள் குறைவு. எந்த சுல்தான் எந்த ஆண்டில் ஆண்டான் என்பதற்குக் காசில் உள்ள ஹிஜ்ரி ஆண்டுதான் துணை.

கேப்டன்களும் பாதிரியார்களும் கடப்பாரை எடுத்துக்கொண்டு தாங்களே தோண்டவில்லை. கடைத்தெருவில் செட்டியாரும் சராபும் பத்தரும் எடுத்து வைத்திருந்ததை வாங்கினார்கள். சேகரித்தவர் பெயர் நூலின் முகப்பில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அன்பளிப்பு செய்தவர் பெயராக இருக்கிறது. விற்றவர் ‘பஜார்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார். வாங்குபவருக்குத் தன் நண்பன் போட்டிக்கு வந்துவிடக் கூடாது என்ற அச்சம் இருந்திருக்கும். இன்றைய சேகரிப்பாளர்களுக்கும் அது உண்டு. தன் வியாபாரியின் பெயரை இன்னொரு சேகரிப்பாளரிடம் சொல்லும் மனசு வர நெடுநாள் ஆகும். அதனால் உயிரோடு இருக்கும்வரை ரகசியமாக வைத்திருந்துவிட்டு, போனபிறகு ‘எவ்வளவு நல்ல மனுஷன்’ என்று பேசிக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கின் வழக்கம்.

வியாபாரியின் சொல் எவ்வளவு கனமானது என்பதற்குக் கிருஷ்ணமூர்த்தியின் வேறு இரண்டு நூல்களைச் சொல்லலாம். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைப் பற்றி 1994இல் ஒரு நூல். கரூரில் கிடைத்த ரோமானியர் அல்லாத பிற வெளிநாட்டுக் காசுகளைப் பற்றி 2000இல் ஒன்று. இரண்டாவது நூலில் கிரேக்கத் தீவுகளும் பினீசிய நகரங்களும் வெளியிட்ட காசுகள் வருகின்றன. இவை உண்மையிலேயே கரூர் ஆற்றுமணலில் கிடைத்திருந்தால், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கொங்குநாட்டுக்கும் மத்தியதரைக் கடல் உலகத்துக்கும் ஏதோ ஒரு வகைத் தொடர்பு இருந்தது என்றாகும். இல்லை, யாரோ ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காசைக் கடைக்காரர் ‘கரூர்’ என்று சொல்லி விற்றிருந்தால் அந்த வாதம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வியாபாரியின் நாணயம். (இந்தச் சிலேடை தமிழிலேயே இருக்கிறது, நான் செய்ததல்ல.)

சில இடங்களில் அந்தச் சொல்லைச் சோதிக்க வாய்ப்பு கிடைத்திருக்கிறது. வைகை கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு அருகே அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல முறை அகழாய்வு செய்தது. அங்கே மண்ணடுக்கிலேயே பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்தன. மதுரை வைகையில் கிடைத்ததாகச் சொல்லி வியாபாரிகள் விற்றுவந்ததும் அதே வகைக் காசுகள்தான். ஆற்றின் மேலே விற்றவர்கள் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஆற்றின் அடியில் கிடைத்த அத்தாட்சி இது. எல்லாக் காசுக்கும் இப்படி ஓர் அகழாய்வு வாய்க்காது.

அப்படியிருக்க, வியாபாரிகள் ஏன் ஊரை மறைக்கிறார்கள்? காரணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஒன்று பிழைப்பு. ‘இன்ன ஊர், இன்ன ஆள்’ என்று சொன்னால் அடுத்த வாரம் வாடிக்கையாளரே நேராகப் போய் நிற்பார். ஆகவே கிழக்கே கிடைத்ததை மேற்கே என்று சொல்வதும் உண்டு. ஊரே சொல்லாமலிருப்பதைவிடக் கெடுதலானது இது, தவறான ஊர்ப்பெயர் நூலில் ஏறிவிட்டால் எடுப்பது கடினம்.

மற்றது சட்டம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 1878இல் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்று பத்து ரூபாய்க்குக் கீழே மதிப்புள்ள பழங்காசு எது? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசும் அதன்படி தொல்பொருள்தான். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சலித்தெடுத்த கூலிக்காரர் கலெக்டர் அலுவலகத்துப் படியேறுவதைவிட, பெயர் சொல்லாமல் பாத்திரக் கடையில் போடுவதையே எளிதாக நினைப்பார். கேள்வி கேட்டால் சிக்கல் என்று வியாபாரியும் கேட்பதில்லை. ஊர்ப்பெயரைச் சொல்லாதவருக்கு ஆபத்தில்லை, சொல்பவருக்கு ஆபத்து உண்டு என்றால், சொன்னவரின் குணத்தை நாம் இன்னும் கொஞ்சம் உயர்வாக மதிக்க வேண்டும்.

இங்கே தொல்லியலாளர்களின் எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. வாங்க ஆள் இருப்பதால்தான் தோண்டுகிறார்கள், வியாபாரி இல்லாவிட்டால் கொள்ளையும் இல்லை என்பது அவர்கள் கட்சி. மேடுகளைப் பொறுத்தவரை அது சரி. வாழ்விட மேட்டில் திருட்டுத்தனமாகக் குழி வெட்டி ஒரு காசு எடுப்பவர் நூறு தகவல்களை அழிக்கிறார். அதை வாங்குகிறவரும் பங்காளி. ஆற்றுப்படுகை வேறு. அங்கே மண்ணடுக்கு ஏற்கெனவே வெள்ளத்தில் கலைந்துவிட்டது. அமராவதியிலும் வைகையிலும் திருக்கோவிலூர்த் தென்பெண்ணையிலும் சலித்தெடுத்திருக்காவிட்டால் அந்தக் காசுகள் மணல் லாரியில் ஏறிக் கட்டட கான்கிரீட்டுக்குள் போயிருக்கும். திருக்கோவிலூரில் கிடைத்த மலையமான் காசுகளுக்கு அந்தக் கதி நேராதது நம் அதிர்ஷ்டம். மேட்டில் தோண்டியதைத் தொடமாட்டேன் என்று மறுக்கும் வியாபாரிக்கும் எதையும் வாங்கிப்போடும் வியாபாரிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் விவாதங்கள் கவனிப்பதே இல்லை. இருவரையும் ஒரே பட்டியில் அடைப்பது நேர்மையானவருக்குச் செய்யும் அநியாயம்.

போலிகளின் வரவு நல்ல வியாபாரியின் தேவையைக் கூட்டியது. சங்கக் காசுக்கு மதிப்பு ஏறியதும் எழுத்துள்ள பாண்டியர், சேரர் காசுகளுக்குப் போலி வார்ப்புகள் சந்தைக்கு வந்தன. அச்சால் அடித்த காசுக்கும் அச்சில் வார்த்த போலிக்கும் வேறுபாடு விளிம்பில் தெரியும். வார்ப்பில் மெல்லிய இணைப்புக்கோடும், பரப்பில் காற்றுக்குமிழி விட்ட பொடிக்குழிகளும் இருக்கும். மண்ணில் கிடந்து ஏறிய பச்சைக் களிம்பு உலோகத்தோடு ஒட்டியிருக்கும். ரசாயனத்தில் ஏற்றிய பச்சை ஊசி முனைக்கு உதிரும். இவையெல்லாம் இன்று நூல்களிலும் காணொளிகளிலும் உண்டு. ஆனால் ஆயிரம் அசல் காசு கைபட்டவரின் விரல் சொல்லும் தீர்ப்பு வேறு. புதிதாக வருபவர்களுக்கு வியாபாரிகள் சொல்லும் முதல் பாடமே வேறொன்று: காசைப் புளி போட்டுத் தேய்க்காதே. களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். பெருவழுதிக் காசை யாராவது பளபளவென்று துலக்கியிருந்தால் வழுதி அன்றே மறைந்திருப்பான்.

மறுபடி சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1996இல் புதையல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். மறு ஆண்டே, வயல்களில் உலோகம் தேடும் பொழுதுபோக்குக்காரர்கள் தாங்களாக முன்வந்து தங்கள் கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். புதையல் வகையில் அடங்காத பொருளைப் பதிவு செய்துவிட்டு அவர்களே திரும்ப எடுத்துச் செல்லலாம். கிடைத்த இடமும் படமும் பொதுத் தரவுத்தளத்தில் ஏறிவிடும். இன்று அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அங்கும் திருட்டு ஒழிந்துவிடவில்லை. ஆனால் உண்மை சொல்பவருக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. நம் மாவட்ட அருங்காட்சியகங்களில் அப்படி ஒரு பதிவேடு வைக்கப் பெரிய செலவு ஆகாது. வருகிறவரைக் குற்றவாளியாகப் பார்க்காத ஓர் அலுவலர் போதும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரையிலும் கரூரிலும் காசு சேகரிப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது உண்டு. உங்கள் ஆல்பத்தில் இருக்கும் ஒவ்வொரு காசுக்கும் பக்கத்தில், எந்த ஊர், எந்த வட்டம், யார் சொன்னது, எந்த ஆண்டு வாங்கியது என்று பேனாவால் எழுதிவையுங்கள். உங்கள் வியாபாரி வயதானவர் என்றால் அடுத்த முறை காசு பார்க்கப் போகும்போது ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். எந்த ஆற்றிலிருந்து எந்தக் காலத்தில் என்ன வந்தது என்று அவர் சொல்வதை எழுதி, அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு வெளியிடுங்கள்.